அடிமரமும் புதுச்செடியும்



மதுரை மாநகரின் தென்பால், அவனியாபுரத்திற்கும் விமான நிலையத்திற்கும் செல்லும் வழியில் அமைந்திருப்பது வில்லாபுரம். வயலும் வரப்புமாக இருந்த சமவெளி, இரண்டு தலைமுறைக்குள் வீடும் கடையுமாக மாறிவிட்ட பகுதி அது. வரப்பில் நின்ற வேம்பும் புளியும் பூவரசும் தெருவோர மரங்களாயின. பின்னர்த் தெரு அகன்றபொழுது சில வீழ்ந்தன. மின்கம்பி இழுத்தபொழுது சில வீழ்ந்தன. சாக்கடை வெட்டியபொழுது வேறு சில வீழ்ந்தன. வீழ்ந்த மரத்தின் கிளைகள் விறகுக் கடைக்குப் போகும். நடுமரம் அறுவை ஆலைக்குப் போகும். அடிக்கட்டை மட்டும் எங்கும் போகாது. தோண்டி எடுக்கக் கூலி மிகுதி என்பதால், அது வாசலிலேயே நின்றுவிடும்.

அந்த அடிக்கட்டையை மறைத்து, அதன்மேல் ஒரு செடி வைக்கவேண்டும். அச் செடிக்கு நாள்தோறும் நீர் ஊற்றவும் உரமிடவும் நேரமில்லை. ஆகவே தானே வளரக்கூடிய செடி எது என்று கேட்போர் பலர். கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் பாடுபடாமல் வளரும் செடி எது என்னும் இக் கேள்வியைக் கோட்டை கட்டிய அரசர் கேட்டிருக்கின்றனர்; கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள் கேட்டிருக்கின்றனர்; நம் காலத்துச் சாலைப் பொறியாளரும் கேட்டிருக்கின்றனர். அவர்கள் தேர்ந்துகொண்ட விடைகள் நாட்டிற்கு என்ன செய்தன என்பதைக் கண்டபின், நம் வாசலுக்கு உரிய விடையைத் தேடுவோம்.

முதலில் அடிமரத்தைப் பற்றிய பழைய எண்ணத்தை அறிதல் வேண்டும். சங்க காலத்தில் ஒவ்வொரு மன்னனுக்கும் ஒரு காவல்மரம் உண்டு. அதனைக் கடிமரம் என்றும் கூறுவர். பகைவன் அம் மரத்தை வெட்டிவிட்டால் நாட்டையே வென்றதாகப் பொருள். சேரன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலிடைத் தீவில் வாழ்ந்த பகைவரின் கடம்ப மரத்தை வெட்டி, அதனால் வெற்றி முரசு செய்தான் என்று பதிற்றுப்பத்துக் கூறுகின்றது. அவன் மகன் செங்குட்டுவன், மோகூர் மன்னன் பழையனை வென்று, அவன் காத்துவந்த வேப்ப மரத்தை அடியோடு துணித்தான். அந்த மோகூர், மதுரைக்கு வடகிழக்கே உள்ள இன்றைய திருமோகூரே என்று அறிஞர் கருதுவர்.

இதனால் நாம் அறிவது யாது? அன்று வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டை வெறும் கட்டையன்று. அது தோல்வியின் அடையாளம். ஓர் ஊர் தன் நிழலை இழந்துவிட்டது என்பதற்குச் சான்று. மரத்தைக் காப்பது அரசனின் கடமைகளுள் ஒன்று என்னும் கருத்து அங்கே அடங்கியிருக்கின்றது.

மதுரையே ஒரு மரத்தின் பெயரோடு பிறந்த நகரம். கடம்ப மரங்கள் செறிந்த காட்டை அழித்து நகரம் அமைக்கப்பட்டது என்று திருவிளையாடற் புராணம் கூறும். கடம்பவனம் என்னும் பெயர் அதனால் வந்தது. காட்டை அழித்துக் கட்டிய நகரம், அக் காட்டின் நினைவை அழித்துவிடவில்லை. மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலுக்குள் உலர்ந்துபோன பழைய கடம்ப மரத்தின் அடிப்பகுதியை இன்றும் பாதுகாத்து வருகின்றனர். வழிபட வருவோர் அதனை வலம் வந்து வணங்குகின்றனர். பட்டுப்போன அடிமரத்தையும் மதிக்கக் கற்ற ஊர் மதுரை என்பதை நாம் மறக்கலாகாது.

இனிச் செடிக்கு வருவோம். பழந்தமிழர் மரத்தை மட்டுமே மதித்தனர், செடியை மதிக்கவில்லை என்று எண்ணவேண்டாம். புறத்திணைகளின் பெயர்களை நினைவு கூருங்கள். வெட்சி, நொச்சி, தும்பை ஆகியவை சிறு செடிகளின் பெயர்களே. ஆநிரை கவரச் செல்வோர் வெட்சிப் பூச் சூடினர். எதிரெதிர் நின்று பொருதோர் தும்பை சூடினர். மதிலுக்குள் இருந்து தம் அரணைக் காத்தோர் நொச்சி சூடினர். தொல்காப்பியம் நொச்சியை உழிஞைத் திணையின் பகுதியாகச் சொல்லும். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித் திணையாகவே வைத்தது.

அரண் காப்பதற்கு ஏன் நொச்சிப் பூ? நொச்சியின் இயல்பை அறிந்தார்க்கு இது எளிதில் விளங்கும். அது வேலியில் வளரும் செடி; வீட்டின் எல்லையில் நிற்பது; மழை பொய்த்தாலும் வாடாமல் நிற்பது; வெட்ட வெட்டத் தழைப்பது. சுற்றி நின்று காப்பதே அதன் தொழில். காப்போனுக்குரிய பூவாக அதனைத் தேர்ந்த புலவர், செடியின் குணத்தை நன்கு கண்டறிந்திருந்தனர் என்று கொள்ளலாம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் வேலிகளில் நிற்கும் இச் செடி எவ்வயலையும் விழுங்கவில்லை. எந்தக் கண்மாயையும் அடைக்கவில்லை. இக் குறிப்பை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; பின்னர்த் தேவைப்படும்.

அடுத்துச் சாலை மரங்களின் வரலாறு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் தன் தூண் கல்வெட்டு ஒன்றில், மனிதருக்கும் விலங்கிற்கும் நிழல் தரும்பொருட்டுச் சாலைகளில் ஆலமரங்களை நடுவித்ததாகப் பொறித்துள்ளான். அதே அறத்தை மதுரையில் நிலைநாட்டியவர் இராணி மங்கம்மாள். தம் மகன் இறந்தபின், இளம் பேரனுக்காக 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்ற அவ்வம்மையார், போர்க்களத்திலும் உறுதி காட்டினார். அறப்பணியிலும் சிறந்து விளங்கினார். மதுரையிலிருந்து தெற்கே செல்லும் வழிகளைச் செப்பனிட்டார். இரு மருங்கிலும் மரங்களை வைத்தார். வழிப்போக்கர் தங்கச் சத்திரங்கள் அமைத்தார். மதுரை இரயில் நிலையத்தின் எதிரே இன்றும் மங்கம்மாள் சத்திரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்னும் பெயர் பல ஊர்களில் வழங்குகின்றது.

அக்காலத்தில் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் சென்றவர்க்கு நிழலே பெரும் உதவி. பங்குனி, சித்திரை வெயிலில் மதுரைச் சமவெளியில் பத்துக் கல் தொலைவு நடந்து பார்த்தால், மரம் நட்டவரை ஏன் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்த்தினர் என்பது விளங்கும். ஆங்கிலேயர் காலத்திலும் சாலையோரப் புளிய மரங்கள் போற்றப்பட்டன. அம் மரங்களுக்கு எண் இட்டனர். ஆண்டுதோறும் புளியம்பழ மகசூலை ஏலம் விட்டனர். நிழலும் கிடைத்தது, வருவாயும் கிடைத்தது. புளிய மரத்திற்கு முதல் சில ஆண்டுகள் மட்டுமே காவலும் நீரும் வேண்டும். பின்னர் அது நூறாண்டுக்கு மேலும் தானே நிற்கும். பாடுபடாமல் வளரும் மரம் என்றால் அதுவே. ஆனால் தொடக்கத்தில் யாரோ ஒருவர் பாடுபட்டிருக்கிறார் என்பதை மறத்தல் கூடாது.

இப்பொழுது வரலாற்றின் மறுபக்கத்தைக் காண்போம். யாதொரு காவலும் வேண்டாத செடியைத் தேடிச் சென்றவர்களின் கதை அது.

18 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் செஞ்சாயத்திற்கு மிகுந்த விலை இருந்தது. அமெரிக்கக் கண்டத்துக் கள்ளி ஒன்றின்மேல் வாழும் சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்தால் அச் சாயம் கிடைக்கும். அவ்வாணிகம் முழுவதும் ஸ்பானியர் கையில் இருந்தது. அதனை இந்தியாவிலும் உண்டாக்க விரும்பிய கம்பெனியார், 1780களின் இறுதியில் சென்னைச் சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவரின் மேற்பார்வையில் ஒரு கள்ளித் தோட்டம் அமைத்தனர். 1795 ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து சாயப் பூச்சியும் கல்கத்தாவிற்கு வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது தாழ்ந்த இனத்துப் பூச்சி. சாயத் தொழில் வேரூன்றவில்லை.

தொழில் போயிற்று, கள்ளி போகவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த கள்ளி இனங்களுள் ஒன்றைத்தான் நாம் நாகதாளி என்றும் சப்பாத்திக்கள்ளி என்றும் வழங்குகின்றோம். நீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடுமாடு அணுகாது, ஒரு மடலை ஒடித்துப் போட்டால் போதும், வேலி ஆகிவிடும். இதைவிட எளிய செடி வேறு உண்டோ என்று மக்கள் மகிழ்ந்தனர். ஊரைச் சுற்றிலும் தோட்டத்தைச் சுற்றிலும் வைத்தனர். சில பத்தாண்டுகளில் அது வேலியைத் தாண்டியது, மேய்ச்சல் நிலத்தைப் பிடித்தது, புறம்போக்கை மூடியது, பாம்பிற்கும் காட்டுப் பன்றிக்கும் புகலிடமாயிற்று. வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் வேர்விட்டது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியா முழுவதும் அதனை அழிக்க வழி தெரியாமல் திகைத்தது.

வழி இறுதியில் ஒரு பூச்சியால் பிறந்தது. முன்பு சாயத்திற்கெனக் கொணர்ந்த பூச்சி ஓர் இனக் கள்ளியை மட்டுமே உண்டது; பரவிக் கிடந்த நாகதாளியைத் தொடவில்லை. நாகதாளியையே உணவாகக் கொள்ளும் அதன் உறவினமான மற்றொரு பூச்சி 1926 ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் பல்லாயிரம் ஏக்கர் நிலத்தில் நாகதாளி வெண்பஞ்சு பூத்தாற்போலப் பூச்சி படிந்து அழுகி வீழ்ந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரேலியாவும் இதே துன்பத்தில் உழன்றது. அங்கே அர்ச்சென்டினா நாட்டுப் புழு ஒன்று கள்ளியைத் தின்று தீர்த்தது. நன்றி மறவாத குயின்சுலாந்து மக்கள் அப் பூச்சியின் பெயரால் ஒரு நினைவு மண்டபமே எழுப்பினர். பாடுபடாமல் வளரும் வேலியைத் தேடியவர்கள், அதனை அழிக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது பாருங்கள்!

இரண்டாவது எடுத்துக்காட்டு உண்ணிச்செடி. மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் இச் செடி, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்கு அமெரிக்க நாடுகளிலிருந்து கொணரப்பட்டது. அதன் கரிய சிறு பழங்களைப் பறவைகள் விரும்பி உண்டு, விதையை எங்கும் இட்டுச் சென்றன. தோட்டத்து விருந்தாளி காட்டிற்கு உரிமையாளன் ஆகிவிட்டது. இன்று முதுமலை போன்ற காடுகளில் மானுக்கும் யானைக்கும் உரிய புல்லை முளைக்கவிடாமல் அது புதராக மூடியிருக்கின்றது.

மூன்றாவது எடுத்துக்காட்டை நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். அது சீமைக்கருவேலம். 1877 ஆம் ஆண்டில் ஜமைக்காத் தீவிலிருந்து இதன் விதை இந்தியாவிற்கு வந்தது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கவும் வேலியாகவும் வறண்ட மாவட்டங்களில் பரப்பப்பட்டது. அதன் இனிய காயை ஆடுமாடுகள் தின்னும். விதை சாணத்தோடு வெளிவந்து முளைக்கும். இலையை அவை பெரும்பாலும் தொடா. இந்த ஓர் அமைப்பே அது பரவுவதற்குப் போதுமானதாயிற்று. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய் உட்புறங்களை அது நிரப்பியது.

நம் தலைப்போடு நேரே தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. சீமைக்கருவேலத்தை மேலே வெட்டினால் அதன் அடிக்கட்டை இறப்பதில்லை. ஒன்றுக்குப் பத்தாகத் தழைக்கின்றது. வேரோடு பெயர்த்தால் அன்றி அதற்கு அழிவில்லை. 2017 ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட்டதும், 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அயல்நாட்டுப் படர்செடிகளை அகற்றுவதற்கெனத் தனிக் கொள்கை வகுத்ததும் அண்மைக்கால வரலாறு. நடுநிலையோடு பேசினால் இன்னொன்றும் சொல்லவேண்டும். இராமநாதபுரம், விருதுநகர்ப் பகுதிகளில் ஏழைக் குடும்பங்கள் பல அதனைக் கரியாக்கி விற்றுப் பிழைத்திருக்கின்றன. எனவே செடியின்மேல் சினம் கொள்வதால் பயனில்லை. வந்த செடிக்கு எல்லை வகுக்காதது மனிதனின் குற்றம்.

இனி நம் காலத்துச் சாலைக்கு வருவோம். 1998 ஆம் ஆண்டில் தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிறீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் வடக்கு-தெற்கு வழி மதுரையை ஊடுருவிச் செல்கின்றது. 2000 ஆம் ஆண்டிற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் அவ்வழி நான்குவழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்டது. பயண நேரம் குறைந்தது, வாணிகம் பெருகியது, நோயாளியை விரைவில் மருத்துவமனை சேர்க்க முடிந்தது. அதற்கு ஈடாக இரு மருங்கும் குடை பிடித்திருந்த பெரிய புளிய மரங்களும் ஆலமரங்களும் வரிசையாக வீழ்ந்தன. அவை நின்ற வழியில் சாலையின் நடுத்திட்டு அமைந்தது. அத் திட்டில் பெரும்பாலும் எது வைக்கப்பட்டது? அரளி. அதனோடு சிற்சில இடங்களில் காகிதப்பூ.

பொறியாளர் அரளியைத் தேர்ந்தது காரணமின்றி அன்று. நடுத்திட்டில் மரம் வைத்தால் வண்டி மோதும்பொழுது உயிர்ச்சேதம் மிகும். வேர் தாரைப் பெயர்க்கும். புதர்ச்செடியானால் ஆள் உயரம் வளர்ந்து, இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கொளி கண்ணைக் கூசாமல் மறைக்கும். அரளியை ஆடுமாடு தின்பதில்லை, புகையும் வெப்பமும் அதனை வாட்டுவதில்லை, கோடையிலும் பூக்கும். 1945 ஆம் ஆண்டில் அணுகுண்டால் கருகிய ஹிரோஷிமா நகரில் விரைவில் மீண்டும் மலர்ந்த பூக்களுள் அரளியும் ஒன்று என்று போற்றி, அந் நகரத்தார் அதனையே தம் நகர மலராகக் கொண்டனர். அத்தகைய வன்மை வாய்ந்த செடி அது. நெடுஞ்சாலையின் நடுவே அது தக்க தேர்வே.

ஆனால் நெடுஞ்சாலைக்குத் தக்கது வீட்டு வாசலுக்கும் தக்கது ஆகுமா? அரளியின் வேர், இலை, பூ அனைத்தும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உடையவை. வடமொழி நாடகமாகிய மிருச்சகடிகத்தில், கொலைக்களத்திற்கு அழைத்துச் செல்லப்படும் சாருதத்தனுக்கு அரளி மாலை சூட்டப்படுகின்றது. மஞ்சளாகப் பூக்கும் சீமை அரளியின் கொட்டையோ அதனினும் கொடிது. குழந்தைகள் விளையாடும் தெருவில், ஆடு கட்டும் வீட்டில், பள்ளிக்கூட வாயிலில் அதனை வைத்தல் அறிவுடைமை ஆகாது. நெடுஞ்சாலையில் கண்ட செடியை அப்படியே தெருவிற்குக் கொண்டுவருவது, வேற்றூர் வேலியை நம்மூர் வயலில் நட்டதைப் போன்றதே.

2015 ஆம் ஆண்டில் நடுவண் அரசு பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. சாலைத் திட்டச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கை மரம் நடுவதற்கும் பேணுவதற்கும் ஒதுக்கவேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. நடுவதற்கு மட்டுமன்றிப் பேணுவதற்கும் பணம் ஒதுக்கவேண்டும் என்று அரசின் கொள்கையே நினைவூட்ட வேண்டியிருக்கின்றது என்பதை நோக்குங்கள்.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். ஒன்று: இச் செடி தானே வளருமா? இரண்டு: வளர்ந்தபின் இதனை நம்மால் அடக்க இயலுமா? மூன்று: அருகில் வாழும் மனிதருக்கும் விலங்கிற்கும் பறவைக்கும் இதனால் நன்மையா, தீமையா? நாகதாளியை நட்டவர் முதற் கேள்வியை மட்டுமே கேட்டனர். சீமைக்கருவேலத்தைப் பரப்பியவர் முதற் கேள்வியோடு விறகு கிடைக்குமா என்றும் கேட்டனர், இரண்டாவதை மறந்தனர். மூன்றையும் கேட்டவர் நொச்சியை வேலியில் வைத்த நம் முன்னோர்.

இப்பொழுது வில்லாபுரத்து வாசலில் நிற்கும் அடிக்கட்டைக்கு வருவோம். செடியைத் தேடுமுன் கட்டையை ஆராய்தல் வேண்டும். அதற்கு இன்னும் உயிர் இருக்கின்றதா? வேம்பு, புளி, புங்கு, பூவரசு முதலியவை அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்புடையவை. துளிர் விட்டிருந்தால், வலுவான ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். கீழே பெரிய வேர் முன்னரே ஆழத்தில் நீர் தேடி வைத்திருக்கின்றது. புதுக் கன்று பல ஆண்டுகள் முயன்று பெறும் வளர்ச்சியை அத் துளிர் மிக விரைவில் பெற்றுவிடும். இடமும் மின்கம்பியும் இசைந்தால், பழைய அடிமரத்தின்மேல் வைக்கத் தக்க தலைசிறந்த செடி அம் மரமேதான்.

துளிர்க்கவில்லை, அல்லது மரம் வளர இடமில்லை என்றால் செடி வைக்கலாம். கட்டையைக் குப்பையோடு சேர்த்து எரிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு; அது வேண்டாம். புகையும் கேடு, மண்ணில் உள்ள நுண்ணுயிரும் அழியும். மட்கும் மரத்தைப் பூஞ்சைகள் சிதைக்கும்பொழுது, அவை தம் தேவைக்கு மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் கட்டையின் நடுவில் நேரே நட்ட செடி வெளிறிப் போகும். கட்டையின் நடுவை உளியால் குடைந்து, மட்கிய தொழுவுரமும் மண்ணும் கலந்து நிரப்பி, ஓர் ஆண்டு விட்டுவைத்தல் நன்று. அவசரம் என்றால், வேருக்கும் வேருக்கும் இடைப்பட்ட மண்ணில், கட்டையை ஒட்டிச் செடியை நடலாம். அது வளர்ந்து கட்டையை மூடிவிடும்.

ஓர் எச்சரிக்கை. மரம் நோயால் இறந்திருந்தால் கட்டையைத் தோண்டி எடுப்பதே முறை. தென்னையைத் தாக்கும் வாடல் நோய் ஒன்று 1952 ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டு, தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் பெற்றது. அதற்குக் காரணமான பூஞ்சை, பட்ட மரத்தின் அடிக்கட்டையிலும் வேரிலும் ஆண்டுக்கணக்கில் தங்கி, அடுத்த மரத்திற்குத் தாவும். கறையான் ஏறிய கட்டை வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தாலும் அகற்றிவிட வேண்டும்.

இனித் தேர்வு. இட்லிப்பூ என்று நாம் அழைக்கும் வெட்சி அழகியது. ஆயினும் நம் பகுதியின் உவர்நீரில் அதன் இலை மஞ்சளாகிவிடும். செம்பருத்தி நன்று, ஆனால் கோடையில் நீர் கேட்கும், மாவுப்பூச்சிக்கும் இரையாகும். நந்தியாவட்டை ஓரளவு நிழலிலும் வாழும். நடுத்தரமான உழைப்புக் கேட்கும். ஆடாதோடை மிக எளிது. ஆடு தொடாது என்பதையே தன் பெயராகக் கொண்டது. அதன் கசப்பிலை இருமலுக்கு வீட்டு மருந்து. ஒரு கொம்பை ஒடித்து நட்டால் வேர்விடும்.

திறந்த வெயில் படும் இடமானால் ஆவாரையை நினைக்கலாம். பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டும் அப் பூவை அறியாதார் யார்? இதன் பட்டையே ஒரு காலத்தில் திண்டுக்கல் போன்ற ஊர்களின் தோல் பதனிடும் தொழிலைத் தாங்கிற்று. பின்னர் வெளிநாட்டு வாட்டில் மரத்தின் பட்டை சந்தைக்கு வந்து ஆவாரையை ஒதுக்கியது. அந்த வாட்டில் மரம் நீலகிரியில் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கின்றது. ஒதுக்கப்பட்ட ஆவாரை மட்டும் யாருக்கும் தீங்கின்றித் தரிசு நிலத்தில் பொன்னாகப் பூத்து நிற்கின்றது. ஆவாரைக்கு ஆணிவேர் ஆழமாகச் செல்லும். ஆகவே கட்டையின்மேல் அன்றி, அதன் ஓரத்தில் விதை ஊன்றி வளர்ப்பதே ஏற்றது.

எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால், பெரும்பாலான வாசல்களுக்கு என் தேர்வு நொச்சியே. முதற் கேள்விக்கு அதன் விடை: முதல் கோடையைக் கடத்திவிட்டால் பின்னர் மழைநீரே போதும். இரண்டாம் கேள்விக்கு விடை: அரிவாளால் கழித்தால் அடங்கும், கழித்த கொம்பு கூடை முடைய உதவும். மூன்றாம் கேள்விக்கு விடை: இலையை வெந்நீரில் இட்டு வேது பிடிப்பர், தலையணையில் வைப்பர், தானியக் குதிரில் போட்டுப் பூச்சியை விலக்குவர், மாலையில் புகையிட்டுக் கொசுவை ஓட்டுவர். அதன் நீலப் பூவில் தேனீ மொய்க்கும். 2013, 2014 ஆம் ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி கொசுத் தொல்லையைக் குறைக்கும் முயற்சியாக நொச்சிக் கன்றுகளை வழங்க முற்பட்டது. பழைய அறிவு புதிய நகரத்திற்கும் தேவைப்பட்டது. ஆனால் நொச்சி இருந்தால் கொசுவே வராது என்று எண்ணிச் சாக்கடையை மூடாமல் விடுவது பேதைமை.

நடும் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். 1950 ஆம் ஆண்டில் கே. எம். முன்ஷி வனமகோத்சவம் என்னும் மர விழாவைத் தொடங்கினார். அன்று முதல் சூலை முதல் வாரத்தில் நாடெங்கும் பள்ளிகளில் கன்று நடுகின்றனர். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாநிலங்களுக்கு அஃது ஏற்ற காலம். மதுரைச் சமவெளிக்கு ஆண்டில் ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை உண்டு. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் பொழியும். ஆனி மாதத்தில் நட்டுவிட்டு, ஆடிக் காற்றில் கன்று காய்ந்தபின், செடியைக் குறை கூறலாமா? புரட்டாசி இறுதியில் நடுங்கள். மழை உங்களுக்காக மூன்று மாதம் நீர் ஊற்றும். பராமரிப்புக் குறைந்த செடி என்பதில் பாதி செடியின் குணம். பாதி காலம் அறிந்து செய்வோரின் குணம்.

மாணவர்களே! வரலாறு என்றவுடன் அரசர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் மட்டுமே நினைக்கின்றோம். ஒரு வேலிச் செடி நாட்டின் மேய்ச்சல் நிலத்தை அழித்ததும், ஓர் அம்மையார் வைத்த சாலை மரம் முகமறியாத வழிப்போக்கர்க்கு நிழல் தந்ததும் வரலாறே. உங்கள் பள்ளிக்குச் செல்லும் வழியில் எத்தனை அடிக்கட்டைகள் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவை எந்த மரத்தின் அடி, எப்பொழுது வெட்டப்பட்டது, ஏன் வெட்டப்பட்டது என்று தெருவிலுள்ள முதியவரைக் கேட்டு எழுதி வையுங்கள். அவ்வாறு எழுதினால் உங்கள் தெருவின் வரலாற்றில் ஒரு பக்கம் கிடைத்துவிடும்.

பின்னர் ஒவ்வொன்றின் அருகிலும் அவ்விடத்திற்கு ஏற்ற செடியை நடுங்கள். நாம் மறந்துவிட்டாலும் வளரும் செடியாக அஃது இருக்கட்டும். நாம் மறந்துவிட்டாலும் பிறர்க்குத் தீங்கு செய்யாத செடியாகவும் இருக்கட்டும். முதல் ஓர் ஆண்டு மட்டும் அதனை மறவாதீர்கள். அந்த ஓர் ஆண்டுக் கவனத்தைக் கொடுக்க யாரோ சிலர் இருந்ததனால்தான், முந்நூறு ஆண்டுகளாக நம் சாலைகளில் நிழல் இருந்தது.